வாய் கேட்கும்போது என்ன செய்வது?

எடையைக் குறைக்கத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருக்கும். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சாதம், கொஞ்சம் ரசம் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருக்கும். மாலை ஐந்தரை மணிக்கு டீக்கடையைக் கடக்கும்போது எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த வடையின் வாசனை மூக்கில் ஏறும். அதற்குப் பிறகு நடப்பது பலருக்கும் தெரிந்ததுதான். ஒன்று என்று தொடங்கியது மூன்றாகும். "இன்னைக்கு ஒருநாள் போகட்டும்" என்று இரவில் பரோட்டாவும் சேர்ந்துகொள்ளும். மறுநாள் காலையில், நாக்கைக் கட்டத் தெரியாத ஜன்மம் என்று தன்னையே திட்டிக்கொள்வார்கள்.

எடைக் குறைப்பு முயற்சிகளை அதிகம் முறித்துப் போடுவது அந்த வடை இல்லை, இந்தத் திட்டுதான் என்று நினைக்கிறேன். உணவு ஆசையைக் குணக்கேடாகப் பார்க்கும்வரை அதைச் சமாளிக்க வழி பிறக்காது. அதில் பெரும்பகுதி உடலும் மூளையும் தம் வேலையைச் செய்வதால் வருவது. எப்போது வரும், ஏன் வரும் என்பதெல்லாம் ஓரளவு கணிக்கக்கூடிய விஷயம். மாலை வடையிடம் தோற்பவர்கள் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டிலேயே தோற்றுவிட்டவர்கள். அதனால் வேலையை மதியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில், வந்திருப்பது பசியா ஆசையா என்று பார்த்துக்கொள்ள ஓர் எளிய சோதனை உண்டு. காலையில் மிஞ்சிய இட்லியையும் மிளகாய்ப் பொடியையும் இப்போது முன்னால் வைத்தால் சாப்பிடுவீர்களா? சாப்பிடுவேன் என்றால் அது பசி. அதற்குச் சாப்பாடு போடுவதுதான் மருந்து. தண்ணீர் குடித்தோ சூயிங்கம் மென்றோ அதை ஏமாற்ற வேண்டாம். இட்லியெல்லாம் வேண்டாம், வெங்காய பஜ்ஜிதான் வேண்டும் என்று மனம் ஒற்றைக் காலில் நின்றால் அது ஆசை. ஆனால் உணவைக் குறைத்திருக்கும் ஒருவரிடம் இவை இரண்டும் தனித்தனியாக வருவது அபூர்வம். அடியில் பசி இருக்கும், மேலே ஆசை ஏறி உட்கார்ந்திருக்கும். பசியைக் கவனித்துவிட்டால் மீதமிருக்கும் ஆசை கையாளக்கூடிய அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

குறைவாகச் சாப்பிடும் உடல் உணவைப் பற்றியே நினைக்கும் என்பதற்கு வலுவான சான்று ஒன்று இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிடைத்தது. போரினால் பட்டினியில் வாடிய மக்களுக்கு மறுபடி எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று அறிய, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 1944-45ல் ஒரு சோதனை நடத்தினார். ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மனச்சான்றின்படி மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து இதில் சேர்ந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,600 கலோரி அளவில்தான் உணவு. கூடவே நிறைய நடக்கவும் வேண்டும். எடையில் கால் பங்கு குறைந்தது. ஆனால் கீஸ் பதிவு செய்தவற்றில் நமக்கு முக்கியமானது அவர்களுடைய மனம் போன போக்கு. அதுவரை சமையலறைப் பக்கமே போகாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். பேச்சு, கனவு எல்லாம் சாப்பாடாகவே இருந்தது. சோதனை முடிந்து போதிய உணவு கிடைத்த பின்னும் எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காத பசி சிலருக்குப் பல மாதங்கள் நீடித்தது. உடல்நலமும் மனவுறுதியும் பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்ட ஆட்கள் அவர்கள். கொள்கைக்காக ஊர்ப்பழியைத் தாங்கியவர்கள். மனக்கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்லிவிட முடியாது.

இன்று பலர் தாமாகவே எழுதிக்கொள்ளும் டயட் அட்டவணையில் 1,600 கலோரிகூட இருப்பதில்லை என்பதை இங்கே யோசித்துப் பாருங்கள்.

இந்த அடங்காப் பசியின் உட்காரணம் பிறகு விளங்கியது. உடலில் எவ்வளவு கொழுப்புச் சேமிப்பு இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994ல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டுபிடித்தது. வயிற்றிலிருந்து சுரந்து பசியைத் தூண்டும் கிரெலினை 1999ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். எடை குறையும்போது லெப்டின் இறங்குகிறது, கிரெலின் ஏறுகிறது. 2011ல் வெளியான மெல்போர்ன் ஆய்வு ஒன்றில், பருமனாக இருந்த 50 பேர் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் இருந்து எடை குறைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அவர்களுடைய பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. எடை இழப்பைப் பஞ்சமாகவே உடல் எடுத்துக்கொள்கிறது. கல்யாணத்துக்கு முன் ஒரே மாதத்தில் எட்டுக் கிலோ குறைக்க வேண்டும் என்று இறங்குபவர்களுக்கு ஆசை பேயாட்டம் ஆடுவது இதனால்தான். வாரத்துக்கு அரைக் கிலோ என்ற கணக்கில், ஒரு நாளைக்கு 500 கலோரி அளவுக்குக் குறைத்துக்கொண்டு போவது மெதுவாகத்தான் தெரியும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறக்கும் நிலைக்கு அது பலரையும் தள்ளாது.

இப்போது மதியத் தட்டுக்கு வருவோம். உணவைக் குறைப்பது என்றதும் நம் வீடுகளில் முதலில் கை வைப்பது சாதத்தில். அது நியாயம்தான், நம் தட்டில் மாவுச்சத்து மிக அதிகம். தப்பு அடுத்த படியில் நடக்கிறது. எடுத்த சாதத்தின் இடத்தில் எதையும் வைப்பதில்லை. ஒரு கரண்டி சாதம், மேலே ரசம், பக்கத்தில் ஒரு துண்டு ஊறுகாய். பருப்புச் சாம்பார் இருக்கிறதே என்பார்கள். நீர்க்க வைத்த சாம்பாரில் ஓர் ஆளுக்கு வந்து சேரும் பருப்பு மிகச் சொற்பம். இந்தச் சாப்பாடு இரண்டு மணி நேரம்கூட வயிற்றில் நிற்காது. நாலு மணிக்கே கை பிஸ்கட் டப்பாவைத் தேடும்.

பசியை நீண்ட நேரம் அடக்கிவைப்பதில் புரதத்துக்கும் நார்ச்சத்துக்கும் பெரிய பங்கு உண்டு. உணவு வயிற்றில் எவ்வளவு இடத்தை நிரப்புகிறது என்பதும் முக்கியம். 1995ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் என்பவர் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது வயிறு நிறைந்த உணர்வைக் கூடுதலாகத் தருகிறது என்று அளந்தார். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்துக்கொண்டால், வெண்ணெய் சேர்த்துச் செய்யும் க்ரோசான் என்ற பேக்கரிப் பண்டத்துக்கு 47 மட்டுமே கிடைத்தது. மீன் 200ஐத் தாண்டியது. எல்லாவற்றிலும் முதலில் நின்றது வெறும் அவித்த உருளைக்கிழங்கு, 323. உருளைக்கிழங்கு என்றாலே குண்டாகிவிடுவோம் என்று ஒதுக்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதே கிழங்கைச் சீவி எண்ணெயில் போட்டுச் சிப்ஸாக்கினால் கதை தலைகீழாகிவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டுமே ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது.

ஆகவே மதியம் சாதத்தைப் பாதியாக்கினால், அந்த இடத்தில் கெட்டியான பருப்புக் கூட்டு இரண்டு கரண்டி, அல்லது கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ போட்ட குழம்பு, அல்லது இரண்டு முட்டை, அல்லது மீன் வேண்டும். மீனைப் பொரிக்காமல் குழம்பாக வைத்தால் நல்லது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பயறும் தயிரும் பனீரும் இருக்கின்றன. காய் கால் தட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். இன்னொன்று: டயட் என்றால் உப்புச்சப்பில்லாமல் சாப்பிட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. நாக்கு செத்துப்போகிற மாதிரி நான்கு நாள் சாப்பிட்டால் ஐந்தாம் நாள் அது பழிவாங்கத்தான் செய்யும். புளி, மிளகு, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், புதினா எதிலும் எடை கூட்டும் அளவுக்குக் கலோரி இல்லை. புதினாத் துவையலும் மிளகு ரசமும் தட்டில் இருக்கும் சாப்பாடு நாக்கையும் திருப்திப்படுத்தும்.

காலையில் வெறும் காபியோடு ஓடுபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலருக்குக் காலையில் பசிக்காது. அவர்கள் சாப்பிடாமல் இருப்பதில் குற்றமில்லை. ஆனால் காலையில் "மிச்சப்படுத்திய" கலோரியை மாலையில் வட்டியோடு கட்டுகிறவராக நீங்கள் இருந்தால், உங்கள் உடம்புக்கு அது ஒத்துவரவில்லை என்று பொருள். ஒரு வாரம் காலையில் முட்டையோ பயறு அடையோ சாப்பிட்டுவிட்டு, மாலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

இவ்வளவு செய்தும் மாலை இடைவெளி நீளம். ஒரு மணிக்குச் சாப்பிட்டு இரவு ஒன்பதுக்குச் சாப்பிடும் வீட்டில் நடுவில் எட்டு மணி நேரம். அதை வெறும் டீயால் கடக்க நினைப்பது வீண். ஆசை வழக்கமாக எந்த நேரத்தில் வருகிறதோ அதற்கு அரை மணி முன்னதாகவே ஏதாவது சாப்பிட்டுவிடுவதுதான் நான் பரிந்துரைக்கும் வழி. ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலை, ஒரு கொய்யாப்பழம், ஒரு டம்ளர் மோர். வேர்க்கடலையில் மட்டும் அளவு வேண்டும். சத்தான பொருள்தான், கலோரியும் அதிகம். ஒரு கைப்பிடி என்றால் ஒரு கைப்பிடிதான்.

இனி பசியே இல்லாமல் வரும் ஆசை. இது மூளை கற்றுக்கொண்ட பாடம். 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளின் மூளையில் டோபமின் செல்களைக் கவனித்தார். முதலில் பழச்சாறு வாயில் விழும்போது அந்தச் செல்கள் துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று பழகியதும், விளக்கு எரிந்த கணத்திலேயே துடித்தன. சாறு வந்தபோது அமைதியாக இருந்தன. நமக்கு அந்த விளக்கு பல வடிவில் எரிகிறது. டீக்கடை வாசல், சீரியலின் தொடக்க இசை, சினிமா இடைவேளை, அலுவலகத்தில் நாலு மணிக்கு "வாங்கண்ணா, டீ" என்ற குரல். வாய்க்கு எதுவும் வருமுன்பே மூளை அதற்குத் தயாராகிவிடுகிறது, எச்சிலும் ஊறத் தொடங்கிவிடுகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் இன்னொரு விஷயத்தைப் பிரித்துக் காட்டினார். ஒன்றை வேண்டும் என்று துரத்துவதும், அது கிடைத்தபின் அனுபவித்து ரசிப்பதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள். மூன்றாவது வடையைச் சாப்பிடும்போது இதை நீங்களே கவனிக்கலாம். முதல் வடையின் முதல் கடியில் இருந்த சுகம் அதில் பாதிகூட இருக்காது. ஆனால் கை மட்டும் நாலாவதற்கு நீளும். ஆகவே உண்மையிலேயே ருசிக்காகச் சாப்பிடுகிறவருக்கு முதல் வடையே பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகிறது. நின்றுகொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் அந்த முதல் வடையும் கணக்கில் சேராமல் போகிறது.

கற்ற பாடத்தை அழிக்க முடியாது. ஆனால் விளக்கு எரிவதைக் குறைக்கலாம். இதில் வீரம் காட்டத் தேவையில்லை. வழக்கமான டீக்கடையின் எதிர்ப்புறமாக நடந்து போகலாம். டீயை அலுவலகத்திலேயே முடித்துவிட்டுக் கிளம்பலாம். வீட்டில் முறுக்கு டப்பா சாப்பாட்டு மேசையில் இருப்பதற்கும் பரண் மேல் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஏணி போட்டு எடுக்க வேண்டியதை மனிதர்கள் தினமும் எடுப்பதில்லை. மிக்சரைப் பெரிய பொட்டலமாக வாங்காமல், வேண்டும் என்ற அன்று ஐம்பது கிராம் வாங்குவது மேல். தீபாவளிக்குப் பின் வந்து குவியும் இனிப்புப் பெட்டிகளை இரண்டு நாளுக்குள் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவதே நல்லது. பத்து நாள் அவற்றோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு மனத்தை அடக்குவது வேண்டாத வேதனை.

வீட்டு மனிதர்கள் கொஞ்சம் கடினம். நம் ஊரில் அன்பு தட்டின் வழியாகத்தான் வருகிறது. "இன்னும் ஒண்ணு வெச்சுக்கோ, எளைச்சுப் போயிட்டே" என்று மாமியார் தோசையைப் போடும்போது டயட் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினால் அது அவர் சமையலை மறுத்ததாகிவிடும். "அத்தே, தோசை நல்லா இருக்கு, இப்போ வயிறு நெறஞ்சு போச்சு. நாளைக்குக் காலையில சுட்டுக் குடுங்க" என்றால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். பாராட்டிவிட்டு நிறுத்துவது, தயங்கி நிறுத்துவதைவிட எளிது. அதைவிட நல்லது, சமைப்பவரிடம் ஒரு நிதானமான நேரத்தில் போய், "அத்தே, சாயங்காலத்துக்குப் பஜ்ஜிக்குப் பதிலா சுண்டல் பண்ணித் தர்றீங்களா?" என்று உதவியாகவே கேட்டுவிடுவது. மறுக்கச் சொன்னால் வருத்தப்படுபவர்கள், செய்து தரச் சொன்னால் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

சரி, எல்லாம் செய்தாயிற்று. இருந்தும் இரவு பத்து மணிக்கு வாய் நமநமவென்று இருக்கிறது, குலாப் ஜாமூன் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது?

"நினைக்கவே கூடாது" என்று தள்ளுவது பலிக்காது. 1987ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரை வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்காதீர்கள் என்று சொல்லி உட்காரவைத்தார். அவர்களுக்கு அது திரும்பத் திரும்ப வந்தது. பின்னால் நினைக்க அனுமதித்தபோது, முதலிலிருந்தே அனுமதி பெற்றவர்களைவிட அவர்கள் அதிகமாக நினைத்தார்கள். குடிப்பழக்கத்தை விடுபவர்களோடு வேலை செய்த ஆலன் மார்லட் வேறு வழி சொன்னார். ஆசை கடலலை மாதிரி எழும், உச்சிக்கு வரும், தானே இறங்கும். அதோடு மல்லுக்கட்டாமல் அது போவதைக் கவனித்திருங்கள் என்றார். செய்முறை எளிது. எங்கே உணர்கிறீர்கள் என்று பாருங்கள்: வாயிலா, தொண்டையிலா, வயிற்றிலா, கையின் பரபரப்பிலா? பத்துக்கு எவ்வளவு இருக்கிறது? ஐந்து நிமிடம் கழித்து எவ்வளவு? ஏறுகிறதா, இறங்குகிறதா? ஆசைக்கு இணங்கவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். கூடிக்கொண்டே போய் நம்மை மூழ்கடித்துவிடும் என்ற பயம்தான் பாதி வேலையைக் கெடுக்கிறது. வயிற்றில் உண்மையான பசி இல்லாதபோது அது பெரும்பாலும் அரை மணிக்குள் தணிகிறது. ஒருமுறை தணிந்ததைப் பார்த்துவிட்டால் அடுத்தமுறை காத்திருக்கத் துணிச்சல் வரும்.

எல்லோருக்கும் இப்படி உட்கார்ந்து கவனிக்கப் பொறுமை இருக்காது. அவர்களுக்கு வேறொன்று உதவும். உணவு ஆசை பெரும்பாலும் படமாக வருகிறது: ஜீரா சொட்டும் ஜாமூன், ஆவி பறக்கும் பிரியாணி. மனக்கண் வேறு படத்தில் ஈடுபட்டால் இந்தப் படம் மங்கிவிடும். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை டெட்ரிஸ் விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். மூன்று நிமிடம் விளையாடியதிலேயே ஆசையின் வேகம் குறைந்தது. விழும் கட்டைகளைத் திருப்பி அடுக்குவது கண்ணுக்கும் மனத்துக்கும் முழு வேலை. நம் வீடுகளில் ஒரு நோட்டில் பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலம் போட்டுப் பார்ப்பது அதே வேலையைச் செய்யும் என்று நம்புகிறேன். டிவி பார்ப்பது இதற்கு உதவாது, அங்கேயே சமையல் விளம்பரம் வரும். பதினைந்து நிமிட வேக நடை இன்னொரு நல்ல வழி. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் சாக்லேட் பிரியர்களிடம் செய்த சோதனையில் அந்த அளவு நடையே ஆசையைத் தணித்தது. மொட்டை மாடியில் நடந்தாலும் நடைதான்.

பிடித்த உணவை ஒரேயடியாக விட்டுவிட வேண்டுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுவதுபோல் தோன்றும். ஒரு குறிப்பிட்ட பண்டத்தைத் தடை செய்ததும் முதல் சில நாட்களில் அதன்மேல் ஆசை ஏறும். அதே சமயம், மொத்தமாகவே உணவைத் திருத்திச் சில மாதங்கள் தொடர்ந்தவர்களிடம் ஆசை குறைவதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. அடிக்கடி சாப்பிடாததை நாக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பதை விடுகிறது. டீயில் சர்க்கரையை இரண்டு கரண்டியிலிருந்து அரைக் கரண்டிக்கு மெல்ல இறக்கியவர்களுக்குப் பழைய டீ பிறகு திகட்டுவது இப்படித்தான். எனவே "இனி ஆயுளுக்கும் பிரியாணி இல்லை" என்ற சபதம் வேண்டாம். ஞாயிறு மதியம் குடும்பத்தோடு ஒரு தட்டு என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை வரும் ஆசைக்கு "இல்லை" என்று சொல்வதைவிட "ஞாயிற்றுக்கிழமை" என்று சொல்வது எளிது. வெறும் வயிற்றில் போகாதீர்கள். முதலில் வெள்ளரிக்காய்ப் பச்சடி, முட்டை, பிறகு பிரியாணி. ஆனால் ஒன்றைத் தொட்டால் நிறுத்தவே முடியாது என்று தெரிந்த பண்டம் சிலருக்கு இருக்கும். அதை வீட்டுக்குள் கொண்டுவராமல், வெளியே, துணையோடு, ஒரு பங்கு மட்டும் சாப்பிடுவதே பாதுகாப்பு.

பாக்கெட் உணவுகள் தனிக் கவனம் கேட்பவை. 2019ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரைத் தங்கவைத்து இரண்டு வாரம் ஆலைகளில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தது. வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு வாரங்களில் அவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஏறியது. வீட்டு முறுக்கைவிடக் கடைச் சிப்ஸும் க்ரீம் பிஸ்கட்டும் உடனடி நூடுல்ஸும் ஆபத்தானவை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் அது இல்லாமல் மற்றவை நிற்காது. 2004ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவைத்தார்கள். நன்றாகத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைந்து, கிரெலின் 28 சதவீதம் ஏறியிருந்தது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களின் மேல் நாட்டம் கூடியிருந்தது. சென்னை ஓஎம்ஆர் சாலையின் ஐடி அலுவலகங்களில் இரவுப் பணி முடித்து ஒரு மணிக்குக் கொத்து பரோட்டாக் கடையில் நிற்கும் பிள்ளைகளிடம் மனவுறுதி பற்றிப் பேசிப் பயனில்லை. அவர்களுக்கு முதல் உதவி, இரவு பத்து மணிக்குச் சாப்பிட ஒரு முழுச் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோவது; இரண்டாவது, வீடு திரும்பியதும் இருட்டான அறையில் ஏழு மணி நேரத் தூக்கம்.

சில ஆசைகளைச் சமாளிக்கவே கூடாது. காரணம் தேட வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீரென்று அகோரப் பசியும் வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் வந்தால் அது ரத்தச் சர்க்கரை இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். டயட் தொடங்கும் முன்பே மருந்தின் அளவை மருத்துவரிடம் சரிபார்த்துக்கொள்வதும் இதற்காகத்தான். பச்சரிசி, மண், சாம்பல், சிலேட்டுக் குச்சி, ஐஸ் கட்டி ஆகியவற்றின்மேல் வரும் ஆசைக்குப் பின்னால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். கர்ப்பிணிகளிடமும் இளம்பெண்களிடமும் இது அதிகம். ரத்தப் பரிசோதனை செய்துவிட்டால் தெரிந்துவிடும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் இனிப்பு நாட்டம் கூடுவது பலருக்கும் இயல்பு. அந்த வாரத்தில் உணவைக் கடுமையாகக் குறைக்காமல் இருப்பதே விவேகம். ஸ்டீராய்டுகளும் சில மனநல மருந்துகளும் பசியைக் கூட்டும். தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேட்க வேண்டும்.

கட்டுப்பாடே இல்லாமல், ரகசியமாக, வயிறு வலிக்கும் அளவுக்குச் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதமாக நடந்தால் அது ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. அப்படிப்பட்டவர் டயட் அட்டவணையைத் தூர வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பட்டினி அந்த நோயைக் கூட்டும்.

இப்போது எல்லோரும் கேட்பது ஊசியைப் பற்றி. டிர்செபடைட், செமாக்ளூடைட் ஆகிய எடைக் குறைப்பு ஊசிகள் 2025ல் இந்தியச் சந்தைக்கு வந்தன. நிறைவு உணர்வைத் தரும் குடல் ஹார்மோன்களைப் போல இவை வேலை செய்கின்றன. போட்டுக்கொண்டவர்கள் பலர், தலைக்குள் ஓயாமல் ஓடிய சாப்பாட்டு நினைப்பு நின்றுபோனதாகச் சொல்கிறார்கள். இந்த ஆசையில் உடலின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் நிறுத்தினால் பசி திரும்புகிறது. செமாக்ளூடைடை நிறுத்தியவர்களைத் தொடர்ந்த ஆய்வில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்ப வந்தது. மருத்துவர் பார்த்து, தேவை என்று எழுதித் தந்து, தொடர்ந்து கண்காணித்தால் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து இது.

கடைசியாக, தவறிய நாள். அது வரும். இரவு மூன்று பரோட்டாவும் சால்னாவும் உள்ளே போன பிறகு பலர் மறுநாள் காலையில் தராசில் ஏறி, ஒரு கிலோ கூடியிருப்பதைப் பார்த்து மனம் உடைவார்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். மூன்று பரோட்டாவில் அவ்வளவு இருக்க வழியில்லை. தராசு காட்டியது பெரும்பாலும் உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்திருக்கும் நீர், அதோடு இன்னும் செரிக்காத உணவு. இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அன்று பட்டினி கிடந்து ஈடுகட்ட நினைப்பதுதான் உண்மையான கெடுதல், மாலையில் அதே ஆசையை அது இரட்டிப்பாக அழைத்துவரும். காலையில் வழக்கமான இட்லியைச் சாம்பாரோடு சாப்பிடுங்கள், மதியம் கூட்டும் முட்டையும் வைத்த முழுத் தட்டு, நாலரைக்குச் சுண்டல். தராசை மூன்று நாள் கழித்து எடுத்தால் போதும்.